ஆர்தர் ஃபாஸைத் தேடி: வடமேற்குக் கரையில் சில நாட்கள்

புதன் – அஸ்டோரியா

ஓரிகன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது அஸ்டோரியா. சின்ன ஊர். மலைச்சரிவில் மர வீடுகள், கீழே கரையோரம் பழைய மீன் பதனிடும் ஆலைகளின் மிச்சம், நடு ஆற்றில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள். கிழக்குப் பக்கப் படகுத்துறையைக் கடல்சிங்கங்கள் மொத்தமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை போடும் சத்தம் விடுதி அறை வரைக்கும் கேட்கிறது.

மச்சான் கார் ஓட்டுகிறார். அவருக்கு மலை, அருவி, காடு என்று போக ஆசை. எனக்கு ஒரே ஒரு கப்பலைப் பார்க்க வேண்டும். "ஒரு கப்பலுக்காகவா மாப்ள இவ்வளவு தூரம்?" என்று கேட்டவர், கதையைச் சொன்னதும் வண்டியை எடுத்துவிட்டார்.

கப்பலின் பெயர் ஆர்தர் ஃபாஸ். இழுவைக் கப்பல், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் 'டக்' என்றுதான் சொல்வார்கள். 1889-இல் மரத்தால் கட்டியது, இன்றும் சியாட்டிலில் மிதக்கிறது. யாருக்கோ கூலிக்கு இழுத்துப் பிழைத்த இந்த டக், 1941 டிசம்பரில் போருக்கு நடுவே மாட்டிக்கொண்டு தப்பி வந்தது. அடுத்த வருடமே கடற்படை அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அது பிறந்து வேலை பழகிய இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம் என்று அஸ்டோரியாவில் தொடங்கியிருக்கிறோம்.

அப்போது அதன் பெயர் வலாவா. ஆற்றின் மேல்பக்கம் போர்ட்லாந்தில் கட்டினார்கள். சொந்தக்காரர் ஓரிகன் ரயில்வே அண்ட் நேவிகேஷன் கம்பெனி. ரயில் கம்பெனிக்கு எதற்கு டக்? போர்ட்லாந்துக்குச் சரக்கு ஏற்ற வந்ததில் பாய்மரக் கப்பல்கள் ஏராளம். அவை இந்த முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வர வேண்டும். அதுதான் பெரும்பாடு.

ஆற்றங்கரையில் உள்ள கொலம்பியா ஆற்றுக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்று பெரும்பகுதி நேரம் போனது. பசிபிக் பெருங்கடலின் நீண்ட அலைகள் ஒரு பக்கம் இருந்து வருகின்றன. ஆறு முழு வேகத்தில் எதிர்ப்பக்கம் இருந்து தள்ளுகிறது. இரண்டும் மோதும் இடத்தில் அடியில் மணல் திட்டு. ஆழம் குறைந்ததும் அலை செங்குத்தாக எழுந்து உடைகிறது. 1792-இலிருந்து இந்தப் பகுதியில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 2000 கலங்கள் அழிந்திருக்கின்றன. 'பசிபிக்கின் கல்லறை' என்ற பெயர் சும்மா வரவில்லை.

பாய்மரக் கப்பல் இந்த இடத்தில் காற்றை நம்பி நுழைய முடியாது. பாதி வழியில் காற்று நின்றால் அலை அதைத் திட்டில் ஏற்றிவிடும். அதனால் வெளியே நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். டக் மணல் திட்டைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போய், தடித்த வடத்தைக் கொடுத்து, கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பவும் அதே திட்டு வழியாக உள்ளே வர வேண்டும். பின்னால் வருகிற கப்பல் தன்னைவிடப் பல மடங்கு பெரியது. வடம் தளர்ந்தால் ஆபத்து, திடீரென விறைத்தால் அறுந்துபோகும், அது இன்னும் ஆபத்து. வலாவா தன் முதல் வருடங்களில் செய்த வேலை இது. ஆற்றின் மணலைக் கட்டுப்படுத்தும் தெற்குக் கல்சுவரை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1885-இல் தொடங்கிய வேலை.

இப்போதும் திட்டைத் தாண்டத் தனிப் பைலட்டுகள், அதாவது கப்பலில் ஏறி வழிகாட்டுகிறவர்கள், உண்டு. கடல் மோசமாக இருந்தால் ஹெலிகாப்டரில் போய்க் கப்பலின் தளத்தில் இறங்குகிறார்கள். மாலையில் மலை உச்சிக்குப் போய் முகத்துவாரத்தைப் பார்த்தோம். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, நகராமல் நிற்கிற மாதிரி. அதுதான் அலை உடையும் இடம்.

வியாழன் – கிளாட்சாப் கடற்கரை

காலையில் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ். மணலில் 'பீட்டர் ஐரேடேல்' என்ற பாய்மரக் கப்பலின் எலும்புக்கூடு நிற்கிறது. மெக்சிகோவிலிருந்து போர்ட்லாந்துக்கு வந்த கப்பல் அது. 1906 அக்டோபர் 25 அன்று முகத்துவாரத்துக்கு வெளியே பைலட்டுக்காகக் காத்திருந்தபோது காற்று அதைக் கரைக்குத் தள்ளிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. இரும்பு விலா எலும்புகளும் முன்பக்கமும் மட்டும் மிச்சம். பக்கத்தில் போய்த் தொட்டால் துரு பொரிபொரியாகக் கையில் வருகிறது. குழந்தைகள் அதன் இடுக்கில் புகுந்து விளையாடுகிறார்கள். உள்ளே நுழையக் காத்திருந்த நேரத்தில் ஒரு கப்பலுக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதே கோட்டைக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1942 ஜூன் 21 இரவு, ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி இந்தக் கரைக்கு எதிரே மேலே வந்து கோட்டையை நோக்கி 17 குண்டுகள் சுட்டது. தளபதி பதிலுக்குச் சுட வேண்டாம் என்று உத்தரவிட்டார். பீரங்கி வெளிச்சம் கோட்டை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய சேதம் இல்லை. பேஸ்பால் மைதானத்தின் தடுப்புவலை போனது, மின்கம்பி அறுந்தது.

சேதம் சின்னதுதான். ஆனால் அந்த மணலில் நின்று மேற்கே பார்க்கும்போது எனக்கு அது சின்னதாகத் தோன்றவில்லை. ஹவாயைத் தாண்டி, அதற்கும் அப்பால் வேக் தீவு வரை ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் 1941 டிசம்பரிலேயே ஹவாய் பக்கமும் அமெரிக்க மேற்குக் கரைப் பக்கமும் உலவிக்கொண்டிருந்தன. துப்பாக்கி ஒன்றும் இல்லாத மர டக் அதே மாதம் அதே கடலில் வந்தது.

மதியத்துக்கு மேல் மழை. கரையோரச் சாலையில் வடக்கே போனோம்.

வெள்ளி – டகோமா

டகோமாவில் தண்ணீரோரம் நடந்தால் 'ஃபாஸ்' என்ற பெயரிலிருந்து தப்ப முடியாது. நகரத்துக்குள் நுழையும் நீர்வழிக்கே தியா ஃபாஸ் நீர்வழி என்று பெயர். பழைய கோதுமைக் கிடங்கு ஒன்றில் கடல்சார் அருங்காட்சியகம். வானம் தெளிந்திருந்ததால் ரெய்னியர் மலை முழுதாகத் தெரிந்தது. மச்சானுக்கு இன்றைக்குத்தான் முகம் மலர்ந்தது.

தியா ஃபாஸ் நார்வேயிலிருந்து வந்த பெண். கணவர் ஆண்ட்ரூ தச்சர். 1889-இல், கணவர் வேலைக்காக வெளியூர் போயிருந்தபோது, ஒரு மீனவரிடமிருந்து பழைய துடுப்புப் படகு ஒன்றை 5 டாலருக்கு வாங்கினார். சுத்தம் செய்து வெள்ளையும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்து, லாபத்துக்கு விற்றார். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு படகு. பிறகு வாடகைக்கு விடத் தொடங்கினார். கணவர் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு தொழிலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் படகு கட்ட, மகன்கள் வளர வளர உடன் சேர, துடுப்புப் படகுகள் மோட்டார் படகுகளாகி, பின்னால் டக்குகளாயின. 'எப்போதும் தயார்' என்பது கம்பெனியின் வாக்கு. வெள்ளையும் பச்சையும் நிரந்தர நிறமாகவே நின்றுவிட்டது.

வலாவா கட்டப்பட்ட அதே வருடம்தான் தியா அந்தப் படகை வாங்கியதும். ஆனால் இரண்டும் சந்திக்க நாற்பது வருடம் ஆனது. அதற்குள் வலாவா அலாஸ்காவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களின் காலத்தில் அங்கே வேலை செய்தது. 1904-இல் மெரில் அண்ட் ரிங் என்ற மரம் வெட்டும் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. அதன் பிறகு டகோமா, சியாட்டில் பக்கத்துக் கடற்கழியான பியூஜெட் சவுண்டில், வெட்டிய மரத்தடிகளைக் கட்டி மிதக்கவிட்ட கூட்டங்களை இழுக்கும் வேலை. 1929-இல்தான் ஃபாஸ் கைக்கு வந்தது. தியா அதைப் பார்க்கவில்லை, 1927-இலேயே இறந்துவிட்டார்.

1933-இல் ஒரு ஹாலிவுட் படத்தில்கூட இது நடித்திருக்கிறது. இந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். எனக்கு அதைவிட அடுத்த வருடம் முக்கியம். 1934-இல் பழைய நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு 700 குதிரைசக்தி டீசல் என்ஜின் வைத்தார்கள். தியாவின் மகன் பெயரால் ஆர்தர் ஃபாஸ் என்று பெயர் மாற்றினார்கள். அன்றைக்கு மேற்குக் கரையின் மிக வலுவான டக்குகளில் அது ஒன்று. அந்த வலு இருந்ததால்தான் கடலின் நடுவே வெகுதூரம் இழுக்கும் வேலைக்கு அதைக் கூப்பிட்டார்கள். அதனால்தான் அது வேக் தீவில் போய் நின்றது.

இந்த நீர்வழி ஒரு காலத்தில் ஆலைக்கழிவால் கெட்டுப்போய், அரசு பல வருடம் செலவழித்து அடிமண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்ததாம். இப்போது கண்ணாடிக் கலை அருங்காட்சியகமும் நடைபாதையுமாக அழகாக இருக்கிறது. கரையில் ஒரு கடையில் வறுத்த மீன் சாப்பிட்டோம். காரம் போதவில்லை என்று மச்சான் பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்தார்.

சனி – சியாட்டில், யூனியன் ஏரி

இன்று கப்பலைப் பார்த்துவிட்டேன்.

சியாட்டில் நகரத்தின் நடுவே உள்ள யூனியன் ஏரியின் தென்கரையில் பூங்கா. அதை ஒட்டி வரலாற்றுக் கப்பல்களுக்கென்று ஒரு மரத்துறை. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், ஐ.டி. அலுவலகங்கள், தலைக்கு மேலே கடல்விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும். நடுவே ஆர்தர் ஃபாஸ். சுமார் 120 அடி நீளம். படத்தில் பார்த்ததைவிடத் தடிமனாக, கனமாக இருக்கிறது. பின்தளம் தாழ்ந்து கிட்டத்தட்டத் தண்ணீர் மட்டத்தில் கிடக்கிறது. இழுவை வடம் எதிலும் மாட்டாமல் இரண்டு பக்கமும் நகர வேண்டும் என்பதற்காக அப்படி.

தன்னார்வலர்கள் சிலர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வயதான ஒருவரிடம் என்ஜின் ரூமைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த அறைக்குள் மற்றதெல்லாம் மறந்துவிடுகிறது. ஆறு சிலிண்டர்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் என் தோளுக்கு மேலே. சியாட்டிலிலேயே இருந்த வாஷிங்டன் அயர்ன் வொர்க்ஸ் வார்த்துச் செய்தது. இன்றைய என்ஜின் மாதிரி எல்லாவற்றையும் மூடி வைக்கவில்லை. வால்வுகளை இயக்கும் கைகள் மேலே வெளியே தெரிகின்றன. ஓடும்போது ஒருவர் எண்ணெய்க் கேனோடு நடந்து நடந்து ஒவ்வொரு மூட்டிலும் எண்ணெய் விட வேண்டும். பெரியவர் எனக்காக ஒரு மூட்டைத் தொட்டுக் காட்டினார். பித்தளைக் கிண்ணம், மூடி, அதற்குள் திரி. எண்பது, தொண்ணூறு வருடமாகப் பல கைகள் திறந்து மூடி அந்த மூடி தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது.

கியர் கிடையாது. கிளச் கிடையாது. என்ஜின் தண்டும் விசிறித் தண்டும் ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்திருக்கின்றன. கப்பல் பின்னால் போக வேண்டுமென்றால் என்ஜினையே நிறுத்தி, வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம் தண்டை நகர்த்தி, அழுத்தக் காற்றை விட்டு எதிர்த் திசையில் புதிதாகக் கிளப்ப வேண்டும். மேலே சுக்கான் அறையில் கேப்டன் கைப்பிடியைத் திருப்பினால் கீழே மணி அடிக்கும்; என்ஜினியர் மணியைக் கேட்டு இதையெல்லாம் செய்வார். அவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் தொட்டியில் உள்ள காற்று குறையும். காற்று தீர்ந்தால் என்ஜின் கிளம்பாது. "கேப்டன் அவசரக்காரராக இருந்தால் என்ஜினியருக்குத்தான் வேர்க்கும்" என்றார் பெரியவர்.

அப்புறம் மேலே வந்து சுக்கான் அறையில் நின்றேன். இனி 1941.

அமெரிக்கக் கடற்படை பசிபிக் தீவுகளில் விமானத் தளங்கள் கட்ட, தனியார் கட்டுமானக் கம்பெனிகளின் கூட்டமைப்பு ஒன்றை அமர்த்தியிருந்தது. வேக் தீவில் 1941 ஜனவரியில் வேலை தொடங்கியது. வேக் என்பது வேக், வில்க்ஸ், பீல் என்று மூன்று துண்டுகளாக உள்ள பவளத்தீவு. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கப்பல் நங்கூரம் போட இடமும் இல்லை. பாறைக்கு அந்தப் பக்கம் கடல் ஒரேயடியாக ஆழமாகிவிடும். பெரிய கப்பல் கரைக்கு வரவே முடியாது. எரிபொருள், சிமெண்ட், இயந்திரம், சாப்பாடு எல்லாம் பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகில்தான் இறங்க வேண்டும். பார்ஜை இழுக்க டக் வேண்டும். ஆர்தர் ஃபாஸ் ஹவாய்க்கும் வேக்குக்கும் இடையே அந்த வேலையில் இருந்தது. ஃபாஸ் கம்பெனியின் இன்னொரு டக்கான ஜஸ்டின் ஃபாஸ் வேக்கிலேயே நின்று வேலை செய்தது.

அந்த டிசம்பரில் ஆர்தர் ஃபாஸின் கேப்டன் ஆஸ்கர் ரோல்ஸ்டாட். நிலைமை சரியில்லை, போர் எந்த நேரமும் வரலாம் என்று அவருக்குப் பட்டது. எரிபொருளை முழுதாக நிரப்பிக்கொள்ளாமலேயே பார்ஜ்களைக் கட்டிக்கொண்டு ஹொனொலுலு நோக்கிக் கிளம்பிவிட்டார். சுமார் 12 மணி நேரத்தில் வேக் தாக்கப்பட்டது. தேதிக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் அங்கே அது டிசம்பர் 8. நண்பகலில் 36 ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. தரையில் நின்றிருந்த 8 போர் விமானங்களில் 7 அங்கேயே அழிந்தன. ஹொனொலுலுவை ஒட்டிய கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஆக, டக் புறப்பட்ட இடமும் எரிகிறது, போய்ச் சேர வேண்டிய இடமும் எரிகிறது.

செய்தி ரேடியோவில் வந்தது. கப்பல் அப்போது வெள்ளையும் பச்சையும். திறந்த கடலில் விமானத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். மாலுமிகள் கையிலிருந்த பெயிண்டையும் என்ஜின் கிரீஸையும் ஒன்றாகக் கலந்து, மங்கலான ஒரு நிறம் உண்டாக்கி, கப்பல் முழுக்கப் பூசினார்கள். ரேடியோவில் பேச்சை நிறுத்தினார்கள். கிழக்கே போய்க்கொண்டே இருந்தார்கள்.

எவ்வளவு மெதுவாக என்று யோசித்துப் பாருங்கள். வேக்கிலிருந்து ஹொனொலுலு சுமார் 2300 மைல், நம் கணக்கில் 3700 கிலோமீட்டர். ஆர்தர் ஃபாஸ் போய்ச் சேர்ந்தது டிசம்பர் கடைசியில். மூன்று வாரம் போல. கணக்குப் போட்டால் மணிக்கு 7, 8 கிலோமீட்டர். காலையில் கடற்கரையில் ஓடுகிறவர் முந்திவிடுவார். டீசல் என்ஜின் சத்தத்தை மறைக்க முடியாது. வளைந்து நெளிந்து தப்பிக்கவும் முடியாது, பின்னால் பார்ஜ் இருக்கிறது. சுடத் துப்பாக்கி இல்லை.

அதே மூன்று வாரத்தில் வேக்கில் நடந்தது வேறு. டிசம்பர் 11-இல் கரையிறங்க வந்த ஜப்பானியப் படையைத் தீவில் இருந்த அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்கள் விரட்டினார்கள். ஹயாடே, கிஸராகி என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. ஹவாயிலிருந்து சரடோகா என்ற விமானந்தாங்கிக் கப்பலோடு ஒரு உதவிப் படை கிளம்பியது. போய்ச் சேருமுன் அதைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். டிசம்பர் 23-இல் வேக் விழுந்தது. ஜப்பானியர் பிடிப்பதற்கு முன் அந்தத் தீவிலிருந்து கடைசியாகத் தப்பிய கலம் ஆர்தர் ஃபாஸ்தான். உதவிப் படை மேற்கே போய்த் திரும்பிய அந்தப் பரந்த கடலின் ஏதோ ஒரு பகுதியில், கிரீஸ் பூசிய இந்த டக் எரிபொருள் அடித்தட்டுக்கு வந்துகொண்டிருக்க ஊர்ந்துகொண்டிருந்தது. ஹொனொலுலு சேர்ந்தபோது டாங்கில் மிச்சம் கொஞ்சமே.

ஜஸ்டின் ஃபாஸும் அதன் ஆட்களும் ஜப்பானியர் கையில் சிக்கினார்கள். தீவில் இருந்த கட்டுமானத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேல். தச்சர், டிரைவர், சமையல்காரர், மெக்கானிக். அவர்களில் பெரும்பாலானோரைக் கப்பலேற்றிச் சிறை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். கட்டாய வேலைக்காக நிறுத்திவைத்த 98 பேரை 1943 அக்டோபர் 7 அன்று சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்க விமானங்கள் தீவைத் தாக்கிய கையோடு நடந்தது அது. உத்தரவிட்ட தளபதி சகாய்பாராவைப் போருக்குப் பின் விசாரித்து 1947-இல் குவாமில் தூக்கிலிட்டார்கள். '98 யுஎஸ் பிடபிள்யூ 5-10-43' என்று, அதாவது 98 அமெரிக்கப் போர்க்கைதிகள் என்று, செதுக்கிய பவளப்பாறை இன்றும் வேக்கில் இருக்கிறது.

வேக் என்றால் அந்தச் சிப்பாய்களின் வீரத்தைத்தான் பேசுகிறார்கள், அது நியாயமே. ஆனால் கூலிக்கு வந்த இந்த மனிதர்களைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. சீருடை இல்லாதவர் ஆயுதம் எடுத்தால் போர்ச் சட்டத்தில் அவருக்குப் பாதுகாப்பு இல்லை. வேக்கில் பலர் அது தெரிந்தும் பீரங்கிக்குக் குண்டு சுமந்தார்கள், சிலர் சுடவும் செய்தார்கள். இந்தச் சிக்கல் மறுபடி வரக் கூடாது என்றுதான் 1942 தொடக்கத்தில் அட்மிரல் பென் மொரீல் கடற்படைக்குள்ளேயே கட்டுமானப் பட்டாளங்களை உருவாக்கினார். 'சீபீஸ்' என்று பெயர் பெற்றவர்கள். ஆனால் வேக்கில் சண்டையில் நின்ற தொழிலாளரை முன்னாள் படைவீரராக அரசு ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 1981-இல். நாற்பது வருடம் கழித்து. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்! வேலை செய்கிறவனை வரலாறு கடைசியில்தான் எண்ணுகிறது என்று எனக்குக் கோபம் வருகிறது, வந்தால் என்ன.

ஆர்தர் ஃபாஸை 1942-இல் கடற்படை தன் பணியில் சேர்த்துக்கொண்டது. எண் ஒய்டி-335, பெயர் டோஹாசன். கடற்படை தன் டக்குகளுக்குப் பூர்வகுடிப் பெயர்கள் வைப்பது வழக்கம். டோஹாசன் கயோவா மக்களின் தலைவர் ஒருவர் பெயர். போர் முடியும் வரை ஹவாய்ப் பக்கம் இழுத்தது. சண்டை போட்டதாக ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் பார்ஜ் இல்லாமல், டக் இல்லாமல் ஒரு போர்க்கப்பலும் எரிபொருளும் குண்டும் ஏற்ற முடியாது; அவ்வளவுதான் அதன் போர்.

படி ஏறி வெளியே வந்தபோது மச்சான் துறையில் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதிலயா மாப்ள மூணு வாரம்?" என்றார். மாலுமிகள் படுக்கும் மூலையையும் சமையல் அறையையும் அவருக்குக் காட்டினேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுதான் வழி. இந்த இடத்தில்தான் அவர்கள் சமைத்து, தூங்கி, இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு – பேலார்ட்

யூனியன் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே பேலார்டில் நீர்ப்பூட்டு இருக்கிறது. 1917-இல் திறந்தது. ஏரி கடலைவிடச் சுமார் 20 அடி உயரம். கப்பலை ஒரு தொட்டிக்குள் விட்டுக் கதவை மூடி, தண்ணீரை நிரப்பி அல்லது வடித்து ஏற்றி இறக்குகிறார்கள். பக்கத்தில் சால்மன் மீன்கள் ஏறுவதற்குப் படிக்கட்டு. மச்சான் அங்கேயே நின்றுவிட்டார்.

இந்தப் பூட்டுக்கும் ஆர்தர் ஃபாஸுக்கும் சம்பந்தம் உண்டு. கடலில் கிடக்கும் மரக்கப்பலுக்கு எமன் கப்பல் புழு. பலகைக்குள் துளைத்துத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். நல்ல தண்ணீரில் அது பிழைக்காது. ஏரியில் நிற்பதால் அடிப்பலகை அந்தப் புழுவிடமிருந்து தப்பிக்கிறது. ஆனால் ஆபத்து மேலேயிருந்து வருகிறது. சியாட்டில் மழை தளத்து இடுக்குகளில் இறங்கி மரத்தை உளுத்துப்போக வைக்கிறது. உப்புத் தண்ணீரில் நனைந்த மரம் அவ்வளவு சீக்கிரம் உளுக்காது, மழைத் தண்ணீரில் உளுத்துவிடும். அதனால் இடுக்குகளில் நார் திணித்து அடைப்பதும், கெட்ட பலகையைப் பெயர்த்துப் புதிது வைப்பதும் முடியாத வேலை. நேற்று அந்தப் பெரியவர் கையில் இருந்தது அந்த வேலைக்கான சுத்தியல்தான்.

போருக்குப் பின் கப்பல் ஃபாஸிடமே திரும்பியது. பழையபடி மரத்தடிக் கூட்டங்களை ஹுவான் டி ஃபூக்கா நீரிணை வழியாக இழுத்தது. 1968-இல் ஓய்வு. 1970-இல் கம்பெனி அதை ஒரு கப்பல் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்தது. இன்று அதன் பெயர் நார்த்வெஸ்ட் சீபோர்ட். 1989-இல், கப்பலின் நூறாவது வருடத்தில், தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். எண்பது வருடம் போல உழைத்ததில் கடற்படையில் இருந்தது சில வருடங்கள்தான்.

சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறார்கள். நகரத்திலிருந்து டிராம் ஏரிப் பூங்கா வாசலிலேயே நிற்கிறது. துறையில் நடந்து பார்க்கக் காசு இல்லை. உள்ளே போகத் தன்னார்வலர்கள் இருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். சனிக்கிழமை போனதால் எங்களுக்கு வாய்த்தது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் என்ஜின் ரூம் ஏணியில் முகத்தை ஏணிப் பக்கம் வைத்து இறங்கச் சொல்லுங்கள், படிகள் செங்குத்து. நன்கொடை கேட்டால் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் பின்தளத்தில் பலகை மாற்ற வேண்டியிருக்கிறதாம்.